பூஜ்ஜிய உச்சம் வந்துவிட்டது, அது மயோரானாதானா? அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் முறை

இடவியல் மீக்கடத்திகளில் (ஓரங்களில் சிறப்பு நிலைகளைத் தாங்கும் மின்தடையற்ற பொருள்களில்) மயோரானா நிலையைத் தேடுகிறவர்களுக்கு, தேடியது கிடைக்காமல் போவதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. தேடியதைப் போலவே இருக்கும் வேறொன்று கிடைத்துவிடுவதுதான் அது. இந்தத் துறை கண்ட பெரிய சறுக்கல்கள் பெரும்பாலும் இந்த வகை. அதனால் இந்த வழிமுறை, அளவீட்டில் கண்ணுக்குத் தெரிவதிலிருந்து தொடங்கி, அதற்கு வேறு என்ன காரணம் இருக்கலாம், அதை எப்படி விலக்குவது என்று போகிறது. மில்லிகெல்வின் ஆய்வகத்தில் (தனிச்சுழிக்கு மிக அருகே குளிர்வித்து அளக்கும் இடத்தில்) புதிதாகச் சேர்ந்த மாணவரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். செய்தியில் 'மயோரானா கண்டுபிடிப்பு' என்று படித்துவிட்டு நம்பலாமா என்று யோசிப்பவருக்கும் உதவும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1937-ல் எட்டோரே மயோரானா, தனக்குத் தானே எதிர்த்துகளாக இருக்கும் துகளுக்கான கோட்பாட்டை எழுதினார். 2001-ல் அலெக்ஸெய் கிதாயெவ், ஒற்றைப் பரிமாண மீக்கடத்திச் சங்கிலியின் இரு முனைகளிலும் அப்படிப்பட்ட நிலை பூஜ்ஜிய ஆற்றலில் உட்காரும் என்று காட்டினார். ஓர் எலக்ட்ரான் நிலையின் பாதி இந்த முனையில், மறுபாதி அந்த முனையில். ஒரு முனையை மட்டும் சீண்டி அதில் பதிந்த தகவலைக் கெடுக்க முடியாது என்பதால்தான் குவாண்டம் கணினி செய்கிறவர்கள் இதன் பின்னால் வந்தார்கள். 2010-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகச் செய்முறை சொன்னார்கள். ஸ்பின்-ஆர்பிட் பிணைப்பு (எலக்ட்ரானின் ஸ்பின்னும் ஓட்டமும் பிணைந்திருப்பது) வலுவாக உள்ள குறைக்கடத்தி நானோ கம்பியை எடுத்து, அதன்மேல் சாதாரண மீக்கடத்தியை ஒட்டி, கம்பியின் நீளவாக்கில் காந்தப்புலம் கொடுக்க வேண்டும். சீமன் ஆற்றலின் (புலம் எலக்ட்ரானின் ஸ்பின்னுக்குத் தரும் ஆற்றலின்) வர்க்கம், மீக்கடத்தி இடைவெளியின் (எலக்ட்ரான் நிலைகளே இல்லாத ஆற்றல் வரம்பின்) வர்க்கத்தையும் வேதி ஆற்றலின் (எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் மட்டத்தின்) வர்க்கத்தையும் கூட்டியதைவிடப் பெரிதானால் கம்பி இடவியல் நிலைக்கு மாறும். 2012-ல் டெல்ஃப்ட்டில் லியோ கௌவன்ஹோவன் குழு, நையோபியம் டைட்டானியம் நைட்ரைடு ஒட்டிய இண்டியம் ஆன்டிமனைடு கம்பியில் முதல் பூஜ்ஜிய உச்சத்தைப் பார்த்தது. கம்பியின் முனையில் ஒரு மின்தடுப்பை வைத்து, மின்னழுத்தத்தை மாற்றிக்கொண்டே கடத்துதிறனை வரைந்தால், பூஜ்ஜிய மின்னழுத்தத்தில் எழும் மேடுதான் பூஜ்ஜிய உச்சம்; பூஜ்ஜிய ஆற்றலில் ஒரு நிலை இருப்பதன் அடையாளம் அது.

பூஜ்ஜிய உச்சம் காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் நிஜம்தான், ஆனால் எந்த நோய் என்று அது சொல்லாது. உச்சம் கிடைத்ததும் அதை இல்லாமல் ஆக்க என்னென்ன வழி உண்டோ அத்தனையும் செய்து பாருங்கள். கீழே வருவதெல்லாம் அந்த வழிகள்தான்.

உச்சம் சரியாகப் பூஜ்ஜியத்தில் இல்லை, சில மைக்ரோவோல்ட் தள்ளி நிற்கிறது

இது பெரும்பாலும் கருவியின் வேலை. மின்னோட்டப் பெருக்கியின் உள்ளீட்டில் சிறு ஆஃப்செட் மின்னழுத்தம் எப்போதும் இருக்கும், அறையின் வெப்பநிலையோடு அது மெல்ல நகரும். மீக்கடத்தி இடைவெளியின் இரு ஓரங்களையும் பாருங்கள். அவற்றின் நடுப்புள்ளிதான் உண்மையான பூஜ்ஜியம். உச்சத்தையே பூஜ்ஜியம் என்று வைத்து அச்சைத் திருத்துவது தவறு, அப்படிச் செய்தால் நிரூபிக்க வேண்டியதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டதாகிவிடும். நீண்ட அளவீட்டில் ஆஃப்செட் நடுவில் நகர்ந்திருக்கலாம், அதனால் ஒவ்வொரு வரியிலும் நடுப்புள்ளியைத் தனியாகக் கணக்கிடுங்கள்.

இன்னொன்றையும் கூடவே பாருங்கள். இரண்டு மின்முனைகள் மட்டும் உள்ள அளவீட்டில் இடைவெளிக்குள் இருக்கும் வளைவு, நேர் மின்னழுத்தத்துக்கும் எதிர் மின்னழுத்தத்துக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். அது சமச்சீராக இல்லையென்றால், கம்பியில் எங்கோ ஆற்றல் கசிகிறது, அல்லது நீங்கள் கொடுக்கும் மின்னழுத்தமே தடுப்பின் வடிவத்தை மாற்றுகிறது.

உச்சம் குட்டையாகவும் அகலமாகவும் இருக்கிறது

2012-ன் உச்சமே அப்படித்தான் இருந்தது. கோட்பாடு சொன்ன உயரத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு.

முதலில் எலக்ட்ரான்களின் வெப்பநிலையைக் கண்டுபிடியுங்கள். ஃப்ரிட்ஜின் வெப்பமானி 10 மில்லிகெல்வின் காட்டலாம். ஆனால் அறை வெப்பநிலையிலிருந்து கம்பி வழியாக இறங்கும் இரைச்சல், எலக்ட்ரான்களை 50 அல்லது 100 மில்லிகெல்வினில் வைத்திருக்கக்கூடும். இவ்வளவு குளிரில் எலக்ட்ரான்களுக்கும் படிக அதிர்வுகளுக்கும் இடையே பேச்சுவார்த்தை அநேகமாக இருக்காது, அதனால் உலோகம் குளிர்ந்தது என்பதற்காக எலக்ட்ரான் குளிர்ந்துவிடாது. வெப்பத்தால் வரும் அகலம் ஏறத்தாழ மூன்றரை மடங்கு வெப்ப ஆற்றல். கணக்கிட்டால் 50 மில்லிகெல்வினில் 15 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட், 100-ல் 30, 300-ல் 90. அலுமினியத்தின் இடைவெளியே சுமார் 200 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட்தான். 300 மில்லிகெல்வினில் எதைப் பார்த்தாலும் அது மங்கலாகத்தான் தெரியும்.

அதே சாதனத்தில் ஒரு குவாண்டம் டாட்டை (சில எலக்ட்ரான்களை மட்டும் அடைத்துவைக்கும் சிறு தீவை) உருவாக்கி, எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாக நுழையும்போது வரும் கூலும் தடை உச்சத்தின் அகலத்திலிருந்து எலக்ட்ரான் வெப்பநிலையை எடுக்கலாம். அது அதிகமாக வந்தால் வடிகட்டிகளைப் பாருங்கள். தாழ் அதிர்வெண்ணுக்கு ஆர்சி வடிகட்டி, மைக்ரோவேவுக்குத் தாமிரத் தூள் வடிகட்டி, இரண்டும் வேண்டும்.

அப்புறம் லாக்-இன், அதாவது சிறு மாறுதிசை அலையைக் கொடுத்து அதே அதிர்வெண்ணில் மறுமொழியை அளக்கும் கருவி. தூண்டும் அலையின் அளவு வெப்ப ஆற்றலைத் தாண்டினால் உச்சத்தை நீங்களே அகலமாக்குகிறீர்கள். 50 மில்லிகெல்வினில் வெப்ப ஆற்றல் சுமார் 4 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட். அதனால் தூண்டுதல் 3 அல்லது 4 மைக்ரோவோல்ட்டுக்குள் இருக்கட்டும். பாதியாகக் குறைத்தும் வளைவு மாறவில்லை என்றால் சரி, நிறுத்திக்கொள்ளலாம்.

வெப்பநிலையும் தூண்டுதலும் சரியாக இருந்தும் உச்சம் குட்டையாகவே இருந்தால், தடுப்பு மிகவும் உயரமாக இருக்கிறது. உச்சத்தின் இயல்பான அகலம் வெப்ப அகலத்தைவிடச் சிறிதாக இருக்கும்போது உயரம் அடிபடும். தடுப்பைச் சற்று இறக்குங்கள்.

இடைவெளியின் தரை காலியாக இல்லை

காந்தப்புலமே இல்லாத நிலையில், இடைவெளிக்குள் கடத்துதிறன் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். வெளியே இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கோ பத்தில் ஒரு பங்கோ உள்ளேயும் இருந்தால், அதற்கு மென் இடைவெளி என்று பெயர். ஆரம்பகாலச் சாதனங்கள் எல்லாவற்றிலும் இந்த நோய் இருந்தது. குறைக்கடத்திக்கும் மீக்கடத்திக்கும் இடையே உள்ள பரப்பு கரடுமுரடாக இருப்பதுதான் காரணம் என்று 2013-ல் கோட்பாட்டாளர்கள் காட்டினார்கள். கோபன்ஹேகனில் 2015-ல் தீர்வு வந்தது. இண்டியம் ஆர்செனைடு கம்பியை வளர்த்த அதே வெற்றிட அறையில், காற்று படாமல், அலுமினியத்தையும் படிகமாக வளர்த்தார்கள். தரை காலியானது.

உங்கள் சாதனத்தில் தரை காலியாக இல்லையென்றால் மேலே போகாதீர்கள். அந்தச் சாதனத்தில் எந்த உச்சம் வந்தாலும் அதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. கேட்டை (மின்னழுத்தம் கொடுத்துக் கம்பியையும் தடுப்பையும் சீர்செய்யும் மின்முனையை) மாற்றிப் பார்ப்பதால் சரியாகும் பிரச்சினை இதில்லை, திரும்ப வளர்க்கத்தான் வேண்டும். புலத்தை ஏற்றும்போது மட்டும் தரை நிறைகிறது என்றால் காரணம் வேறு. புலம் கம்பியின் அச்சிலிருந்து விலகியிருக்கலாம், மீக்கடத்தியில் சுழல்கள் (காந்தப்புலம் ஊடுருவும் சிறு இழைகள்) நுழைந்திருக்கலாம். பருமனான அலுமினியம் 10 மில்லிடெஸ்லாவிலேயே மீக்கடத்துத்திறனை இழந்துவிடும். சில நானோமீட்டர் தடிமனுள்ள படலம் 2 டெஸ்லாவையும் தாங்கும், ஆனால் புலம் படலத்தின் தளத்தில் இருந்தால்தான். அதனால் மூன்று அச்சுக் காந்தம் இருந்தால் முதல் வேலையாகச் சீரமைப்பை முடித்துவிடுங்கள்.

காந்தப்புலம் இல்லாமலே உச்சம் நிற்கிறது

இது மயோரானா இல்லை. சீமன் ஆற்றல் இல்லாமல் இந்தக் கம்பி இடவியல் நிலைக்குப் போகாது. பெரும்பாலும் இது கோண்டோ விளைவு, அதாவது தனித்த ஒரு ஸ்பின்னைச் சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் சூழ்ந்துகொள்வதால் வரும் உச்சம். தடுப்புக்குப் பக்கத்தில் தெரியாமல் ஒரு குவாண்டம் டாட் உருவாகி, அதில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் எலக்ட்ரான்கள் உட்கார்ந்திருக்கும். உயரம் வெப்பநிலையின் மடக்கையைப் பொறுத்துக் குறைகிறதா, புலத்தில் இரண்டாகப் பிளக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. கோண்டோவும் மீக்கடத்துத்திறனும் ஒன்றோடொன்று போட்டி போடுபவை. புலம் இடைவெளியைச் சுருக்கும்போது, அதுவரை அடங்கியிருந்த கோண்டோ உச்சம் தலைதூக்கலாம். அப்போது 'புலம் கொடுத்ததும் உச்சம் வந்தது' என்ற வாக்கியம் உண்மையாகவே இருக்கும், முடிவு தவறாக இருக்கும்.

எந்தப் புலத்தில் உச்சம் வர வேண்டும் என்று முன்பே கணக்கிட்டு வைப்பது இங்கே உதவும். இண்டியம் ஆன்டிமனைடில் ஜி-காரணி (ஸ்பின் காந்தப்புலத்துக்கு எவ்வளவு வலுவாக மசிகிறது என்ற எண்) 50-ஐ ஒட்டி இருக்கும். போர் மேக்னட்டான் டெஸ்லாவுக்கு 58 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட். இரண்டின் பெருக்கலில் பாதிதான் சீமன் ஆற்றல், ஆகவே அது டெஸ்லாவுக்கு ஏறத்தாழ 1.4 மில்லி எலக்ட்ரான் வோல்ட். இடைவெளி 250 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட் என்றால் 0.17 டெஸ்லாவுக்கு முன்னால் இடவியல் நிலை சாத்தியமே இல்லை. உலோகத்தோடு இறுகக் கலந்த கம்பியில் ஜி-காரணி வெகுவாகக் குறையும், அதற்கேற்ப இந்தப் புலம் கூடும். உங்கள் சாதனத்தின் ஜி-காரணியை அளந்துவிட்டுக் கணக்கிடுங்கள், புத்தக எண்ணை நம்ப வேண்டாம்.

புலத்தோடு வருகிறது, தங்குகிறது, ஆனால் மனம் ஒப்பவில்லை

மிகக் கடினமான இடம் இதுதான். கருவி சரி, தரை காலி, கோண்டோ இல்லை. புலத்தை ஏற்றினால் இரண்டு நிலைகள் இரு பக்கமிருந்தும் வந்து பூஜ்ஜியத்தில் சேர்ந்து அங்கேயே ஒட்டிக்கொள்கின்றன. பாடப்புத்தகப் படம் போல இருக்கிறது.

முக்கியச் சந்தேகநபர் ஆண்ட்ரீவ் நிலை. கம்பியின் முனையில் தடுப்பு இருக்கும் இடத்தில் மின்னழுத்தம் திடீரென்று மாறுவதில்லை, சரிந்து மாறுகிறது. அந்தச் சரிவில் எலக்ட்ரான் சிறைப்பட்டு, மீக்கடத்தியோடு சேர்ந்து, இடைவெளிக்குள் ஒரு நிலையை உண்டாக்கும். சீமன் ஆற்றல் அதைப் பூஜ்ஜியத்துக்கு இழுத்துவரும். சாதாரணமாக அது பூஜ்ஜியத்தைக் கடந்து போய்விடும். இப்படிக் கடந்து போவதை ஒரு குவாண்டம் டாட்டில் 2014-லேயே தெளிவாக அளந்திருக்கிறார்கள். ஆனால் சரிவு மென்மையாக இருந்து, ஸ்பின்-ஆர்பிட் பிணைப்பும் கூடிவிட்டால், கடந்து போகாமல் பூஜ்ஜியத்திலேயே நீண்ட தூரம் தங்கிவிடும். ஒரே முனையில் இரு பாதிகளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, தடுப்பு ஒரு பாதியை மட்டும் தொடுகிறது. வெளியே இருந்து பார்த்தால் மயோரானாவுக்கும் இதற்கும் வித்தியாசமே இராது. சங்கர் தாஸ் சர்மா குழு 2017-ல் இதை விரிவாகக் கணக்கிட்டுக் காட்டியது. 2010-ல் செய்முறை சொன்னவர்களில் அவரும் ஒருவர், தாங்கள் முன்வைத்த அடையாளத்தையே தாங்கள் கேள்விக்கு உட்படுத்தினார்கள். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் வேலைகளில் அது ஒன்று.

சோதனைகளுக்கு வருவோம். முதலில் தடுப்பின் கேட்டை மெல்ல நகர்த்துங்கள். மயோரானா நிலைக்குத் தடுப்பைப் பற்றிக் கவலை இல்லை. அகலம் மாறும், இடம் மாறாது. சிறு நகர்த்தலுக்கே உச்சம் பிளந்தால் அது உள்ளூர் நிலை. ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். கேட், புலம் இரண்டையும் அச்சாக வைத்து முழுப் பரப்பையும் வரையுங்கள். பூஜ்ஜியத்தில் தங்கும் பகுதி அகன்ற தீவாக இருக்கிறதா, இல்லை கோடுகள் குறுக்கே வெட்டும் சில புள்ளிகளைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தோமா என்பது அப்போதுதான் தெரியும்.

இரண்டாவது, புலத்தின் திசை. ஸ்பின்-ஆர்பிட் அச்சு கம்பிக்குச் செங்குத்தாக, அடித்தளத்துக்கு இணையாக இருக்கும். புலத்தை அந்த அச்சை நோக்கித் திருப்பினால் இடவியல் நிலை சிதைய வேண்டும், உச்சமும் போக வேண்டும். போகாவிட்டால் உங்கள் விளக்கம் தவறு. போனால் மட்டும் மயோரானா என்று ஆகிவிடாது, ஏனென்றால் ஆண்ட்ரீவ் நிலைக்கும் ஸ்பின்-ஆர்பிட் தெரியும். இந்தச் சோதனை ஒரு பக்கம்தான் வெட்டும், அது போதும்.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இரு முனைகளையும் பாருங்கள். மயோரானா தனியாக வராது. இடது முனையில் உச்சம் தொடங்கும் அதே புலத்தில், அதே கேட் நிலையில், வலது முனையிலும் தொடங்க வேண்டும். ஆரம்பகாலச் சாதனங்கள் பலவற்றில் ஒரு முனையில் மட்டுமே தடுப்பு இருந்ததால் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியவில்லை. இன்று அப்படி ஒரு சாதனத்தைச் செய்வதில் அர்த்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதே பாடத்தை வேறு வடிவத்தில் பார்த்தது 2021-ல் ஆஸ்திரியாவில். முழுக்க அலுமினியம் சூழ்ந்த கம்பிகளில் காந்தப் பாயத்தால் மயோரானா வரும் என்று 2020-ல் சொல்லியிருந்தார்கள். ஜார்ஜியோஸ் காட்சாரோஸ் குழு அதே வகைக் கம்பிகளை எடுத்து, தடுப்புப் பகுதியில் உருவாகும் குவாண்டம் டாட் இருந்தாலே அதே போன்ற உச்சம் வந்துவிடும் என்று காட்டியது.

உச்சம் பிளந்து, சேர்ந்து, மறுபடி பிளக்கிறது

கம்பி குட்டையாக இருந்தால் இரு முனை நிலைகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து அலைவு உண்டாகும் என்பது எதிர்பார்த்ததே. ஆனால் எளிய கோட்பாட்டின்படி புலம் ஏற ஏற அலைவின் வீச்சும் பெருகவேண்டும். சுருங்கிக்கொண்டே போனால் வேறு நிலைகள் குறுக்கே வருகின்றன என்று வைத்துக்கொண்டு முந்தைய பகுதிக்குத் திரும்புங்கள்.

உயரம் மிகச்சரியாகக் குவாண்ட மதிப்பில் நிற்கிறது

எலக்ட்ரான் மின்னூட்டத்தின் வர்க்கத்தைப் பிளாங்க் மாறிலியால் வகுத்து இரண்டால் பெருக்கினால் வருவது அந்த மதிப்பு. மின்தடையாகச் சொன்னால் சுமார் 12.9 கிலோஓம். மயோரானா நிலை வழியாகப் போகும் எலக்ட்ரான் ஒவ்வொன்றும் முழுமையாகத் துளையாக (எலக்ட்ரான் இல்லாத வெற்றிடமாக) திரும்பும், அதனால் போதிய குளிரில் உச்சம் இந்த உயரத்தைத் தொட்டு அங்கேயே நிற்க வேண்டும். இதைவிட அழகான சான்று வேறு இல்லை என்று எல்லோரும் நம்பிய காலம் இருந்தது.

2018-ல் நேச்சர் இதழில் அந்தச் சான்று வெளியானது. 2021 மார்ச்சில் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இயற்பியலாளர்கள் செர்கெய் ஃப்ரோலோவ், வின்சென்ட் மூரிக் இருவரும் மூலத் தரவைக் கேட்டு வாங்கிப் பார்த்ததிலிருந்து அது தொடங்கியது. மின்னூட்டத் தாவல்கள் (கம்பியருகே சிக்கிய மின்னூட்டம் திடீரென்று இடம் மாறுவது) என்று கருதித் தரவில் செய்த திருத்தம் கட்டுரையில் தெளிவாகச் சொல்லப்படவில்லை. முழு அளவீட்டு வரம்பையும் வரைந்தபோது புள்ளிகள் பிழை எல்லையைத் தாண்டி வெளியே போயின. குவாண்ட மதிப்பில் நின்றது போலத் தெரிந்தது, பார்த்த சன்னல் சிறியதாக இருந்ததால்.

எனவே உயரம் சரியாக வரும்போது மூன்று வேலை உண்டு. தொடர் மின்தடையைச் சரிபார்ப்பது முதல் வேலை. வடிகட்டிகளும் பெருக்கியின் உள்ளீடும் சேர்ந்து சில கிலோஓம் வரும். அளந்த மொத்தத்திலிருந்து அதைக் கழிக்கிறீர்கள். கழிக்கும்போது 1 கிலோஓம் கூடுதலாகக் கழித்துவிட்டால் 12.9 என்பது 11.9 ஆகும், உயரம் எட்டு சதவீதம் கூடிவிடும். ஒரு சாதனம் குவாண்ட மதிப்பில் நிற்பதும் தாண்டுவதும் இந்தக் கழித்தலில் முடிவாகக்கூடும். வடிகட்டியின் மின்தடை குளிரில் மாறும், அதனால் அறை வெப்பநிலையில் அளந்த எண் உதவாது. குளிர்ந்த நிலையில், நான்கு முனை முறையில் அளக்க வேண்டும். அதே தடை மின்னழுத்த அச்சையும் சுருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்து, தட்டையான பகுதி எத்தனை அளவுருக்களில் தட்டையாக இருக்கிறது என்று பார்ப்பது. தடுப்பு, புலம், மற்ற கேட்டுகள், வெப்பநிலை எல்லாவற்றிலும் தட்டையாக இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் தட்டையாக இருப்பதை நுணுக்கமாக நகர்த்தி யார் வேண்டுமானாலும் உருவாக்கலாம். ஃப்ரோலோவ் குழு 2021-ல் அதையே செய்து காட்டியது. இரு முனைகளிலும் தடுப்புள்ள கம்பியில், ஒரு முனையில் கிட்டத்தட்டக் குவாண்ட மதிப்பில் உச்சம். மறுமுனையில் அதற்கு இணையாக ஒன்றும் இல்லை.

மூன்றாவது, கேட்டில் மின்னூட்டத் தாவல் நடந்த அளவீட்டை ஒட்டிச் சரிசெய்யாமல் திரும்ப எடுப்பது. கேட்டை எப்போதும் ஒரே திசையில் ஓட்டுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் வேறு வேறாக இருந்தால் இரண்டையும் வெளியிடுங்கள்.

முனைகள் சரி, ஆனால் நடுவே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை

இடவியல் மாற்றம் நடந்தால் கம்பியின் உடலில் இடைவெளி மூடித் திறக்க வேண்டும். முனையில் மட்டும் அளப்பவருக்கு அது தெரியாது. மூன்று மின்முனைச் சாதனத்தில் (கம்பியின் இரு முனைகளிலும் ஒவ்வொன்று, மீக்கடத்தியில் ஒன்று) ஒரு முனையில் மின்னழுத்தம் கொடுத்து மறுமுனையில் மின்னோட்டத்தை அளந்தால், கம்பி முழுக்கப் பரவிய நிலைகள் மட்டுமே அங்கே வந்து சேரும். இதையும் இருமுனை உச்சங்களையும் சேர்த்து மைக்ரோசாஃப்ட் குழு 2021-ல் ஒரு தேர்வு முறையை முன்வைத்தது. 2023-ல் தங்கள் இண்டியம் ஆர்செனைடு–அலுமினியச் சாதனங்கள் அதில் தேறியதாக, 20 முதல் 60 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட் இடைவெளியோடு அறிவித்தது.

இங்கேயும் கவனம் வேண்டும். கம்பி நெடுக வரிசையாக ஆண்ட்ரீவ் நிலைகள் அமைந்தால், அவை ஒன்று சேர்ந்து மூடித் திறப்பதைப் போலக் காட்டலாம் என்று 2023-லேயே ஒரு கணக்கீடு வந்தது. இயற்பியலாளர் ஹென்றி லெக் 2025-ல், அதே தேர்வு முறை எடுத்துக்கொள்ளும் தரவின் வரம்பைப் பொறுத்து வேறு வேறு பதில் தருகிறது என்று காட்டினார். உங்கள் தரவில் இதைச் சோதிப்பது எளிது. புல வரம்பைக் கொஞ்சம் வெட்டியும் நீட்டியும் ஓட்டிப் பாருங்கள். தேர்ச்சி தோல்வியாக மாறினால் அந்தத் தேர்ச்சிக்கு மதிப்பு இல்லை.

2025 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட்டின் மயோரானா-1 சில்லோடு வந்த நேச்சர் கட்டுரை பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலர் கேட்கிறார்கள். அது காட்டியது, கம்பியில் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்பதை ஒரே அளவீட்டில் படிக்கும் திறமை. அது நல்ல பொறியியல். அந்த அளவீடு மட்டுமே நிலை இடவியல் தன்மை உள்ளதா என்று தீர்மானிக்காது என்று கட்டுரையே சொல்கிறது, இதழாசிரியர்களும் மதிப்புரைக் கோப்பில் அதையே குறித்திருக்கிறார்கள்.

பாதி மதிப்பில் ஒரு தட்டு தெரிகிறது

இது வேறு மேடை. குவாண்டம் அனாமலஸ் ஹால் படலத்தின்மேல் (வெளிப்புலம் இல்லாமலே ஓரத்தில் மட்டும் மின்னோட்டம் ஓடும் காந்தப் படலத்தின்மேல்) மீக்கடத்திப் பட்டை. 2017-ல் சயன்ஸ் இதழில், கடத்துதிறன் சரியாகப் பாதியில் நின்றதை ஓரத்தில் ஓடும் மயோரானாவுக்குச் சான்றாகக் காட்டினார்கள். 2020-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் வூர்ட்ஸ்பர்க் குழுவும் முப்பதுக்கும் மேற்பட்ட சாதனங்களை அளந்து, மீக்கடத்தி படலத்தை நன்றாகத் தொட்டாலே பாதி வந்துவிடும் என்று காட்டின. மீக்கடத்திப் பட்டை நடுவில் குறுக்கிணைப்பாக நிற்க, படலத்தின் இரு துண்டுகள் தொடராக இணைகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குவாண்ட மின்தடை, இரண்டு சேர்ந்தால் கடத்துதிறன் பாதி. 2017 கட்டுரை 2022-ல் திரும்பப் பெறப்பட்டது. எளிய மின்சுற்றுக் கணக்கு உங்கள் எண்ணைத் தருகிறதா என்பதை முதலில் காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

ஷாபிரோ படிகளில் ஒன்று காணவில்லை

ஜோசப்சன் சந்திக்கு (இரண்டு மீக்கடத்திகளை மெல்லிய இணைப்பால் சேர்த்த அமைப்புக்கு) மைக்ரோவேவ் கொடுத்தால், அதன் மின்னழுத்தத்தில் 1 கிகாஹெர்ட்ஸுக்கு 2.07 மைக்ரோவோல்ட் வீதம் ஷாபிரோ படிகள் வரும். மயோரானா சந்தியில் ஒற்றைப்படைப் படிகள் மறையவேண்டும். 2012-ல் இண்டியம் ஆன்டிமனைடிலும் 2016-ல் மெர்க்குரி டெல்லுரைடிலும் முதல் படி மறைந்ததைப் பார்த்தார்கள். 2021-ல் நியூயார்க்கில் ஜவாத் ஷபானி குழு, இடவியலுக்கு வாய்ப்பே இல்லாத சந்தியிலும் அதே படி மறைவதைக் காட்டியது. சந்தி மிகத் தெளிவாகக் கடத்தும்போது எலக்ட்ரான் ஓர் ஆற்றல் கிளையிலிருந்து மறுகிளைக்குத் தாவிவிடுகிறது. அதிர்வெண்ணைக் குறைத்தும் சக்தியை மாற்றியும் பாருங்கள். சந்தியின் மின்னோட்ட வளைவு ஏறும்போதும் இறங்கும்போதும் வேறாக இருந்தால், படி மறைந்ததற்கு அந்தத் தாவலும் வெப்பமுமே போதுமான காரணம்.

எஸ்டிஎம்மில் சுழலின் நடுவே உச்சம், பக்கத்துச் சுழலில் இல்லை

எஸ்டிஎம் என்பது கூரிய ஊசியைப் பரப்பின்மேல் நகர்த்தி அளக்கும் நுண்ணோக்கி. இரும்பு டெல்லூரியம் செலீனியத்தில் 2018-ல் பெய்ஜிங் குழு பார்த்தது இது. இந்தப் பொருளின் சிறப்பு, சுழலுக்குள் இருக்கும் சாதாரண நிலைகள் ஒன்றுக்கொன்று தள்ளி நிற்பது. அந்தத் தூரம் ஏறத்தாழ இடைவெளியின் வர்க்கத்தைப் ஃபெர்மி ஆற்றலால் வகுத்தது. 1.8 மில்லி எலக்ட்ரான் வோல்ட் இடைவெளிக்கும் 4.4 ஃபெர்மி ஆற்றலுக்கும் சுமார் 0.7 வரும். நையோபியம் டைசெலினைடு போன்ற பொருளில் அவை நெருங்கிக் கிடப்பதால் ஒன்றாகக் கலந்து ஒரு பொய் உச்சத்தைத் தரும். 1989-லேயே அதைப் பார்த்துவிட்டார்கள். ஊசியை நடுவிலிருந்து வெளியே நகர்த்துங்கள். பொய் உச்சம் இரண்டாகப் பிரியும், மயோரானா பூஜ்ஜியத்திலேயே மங்கி மறையும். சில சுழல்களில் மட்டும் உச்சம் இருப்பது தன்னளவில் குற்றமில்லை. ஜப்பானின் ரிகென் குழு 2019-ல் 20 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட் தெளிவோடு அளந்து, புலம் ஏற ஏற உச்சமுள்ள சுழல்களின் பங்கு குறைவதைக் கண்டது. சுழல்கள் நெருங்கி ஒன்றையொன்று தொடுவதோடு அது பொருந்துகிறது. எத்தனை சுழல்களைப் பார்த்தீர்கள், எத்தனையில் இருந்தது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்.

பொருளே இடவியல் மீக்கடத்திதானா என்று சந்தேகம் வருகிறது

ஸ்ட்ரான்ஷியம் ருத்தனேட்டின் கதை தெரிந்திருக்க வேண்டும். 1994-ல் யோஷிதேரு மாயேனோ குழு இதில் மீக்கடத்துத்திறனைக் கண்டது. 1998-ல் ஆக்ஸிஜன்-17 என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) அளவீட்டில், எலக்ட்ரான் ஸ்பின்களின் நிலையைக் காட்டும் நைட் பெயர்ச்சி மாறாமல் இருந்தது. மீக்கடத்தியில் இணையாகச் சேரும் எலக்ட்ரான்களின் ஸ்பின்கள் ஒரே திசையில் இருப்பதற்கு அது அடையாளம், தன்னியல்பிலேயே மயோரானாவைத் தாங்கும் பொருளில் பொதுவாகத் தேடுவதும் அதைத்தான். இருபது ஆண்டுகள் பாடநூல்கள் அதை எழுதின. 2019-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஸ்டூவர்ட் பிரவுன் குழு ரேடியோ துடிப்பின் ஆற்றலைக் குறைத்து அளந்தபோது பெயர்ச்சி தெளிவாக விழுந்தது. முந்தைய துடிப்புகள் மாதிரியைச் சூடாக்கி, அளக்கும் அந்தக் கணத்தில் அதைச் சாதாரண உலோகமாக்கிவிட்டிருந்தன. கியோட்டோவில் பழைய அளவீட்டைச் செய்த குழுவே திரும்ப அளந்து அதை உறுதிசெய்தது. மாறுதிசை ஏற்புத்திறனை (மாறும் காந்தப்புலத்துக்கு மாதிரி காட்டும் மறுமொழியை) அதே துடிப்பு முடிந்த உடனே அளந்தால் மாதிரி சூடானதா என்று தெரிந்துவிடும். தூண்டுதலைக் குறைத்துக்கொண்டே போய், விடை மாறுவது நின்ற பிறகு வரும் எண்ணை மட்டும் எடுங்கள்.

எல்லாம் தேறிவிட்டது

அப்படியென்றால் சாதனத்தை எளிதாக்குங்கள். டெல்ஃப்ட்டில் 2023-ல், இரண்டு குவாண்டம் டாட்களை ஒரு மீக்கடத்தித் துண்டால் இணைத்து, கிதாயெவ் சங்கிலியின் மிகச் சிறிய வடிவத்தைச் செய்தார்கள். அங்கே பாதுகாப்பு இல்லை, ஒரு புள்ளியில் நுணுக்கமாக நிறுத்தினால்தான் நிலை வரும். ஆனால் எந்த கேட் எதை மாற்றுகிறது என்று முழுதாகத் தெரியும், ஒரு டாட்டை நகர்த்தினால் என்ன ஆகும், இரண்டையும் நகர்த்தினால் என்ன ஆகும் என்று முன்பே சொல்லிவிட்டு அளக்கலாம். ஒன்றை மட்டும் நகர்த்தினால் உச்சம் பூஜ்ஜியத்தில் நிற்கும், இரண்டையும் நகர்த்தினால் பிளக்கும். நீண்ட கம்பியில் கிடைத்த உச்சத்தை இப்படி ஒரு சாதனத்தின் நடத்தையோடு வரி வரியாக ஒப்பிடலாம்.

இரண்டு நிலைகளை இடம் மாற்றி, மாற்றிய வரிசையைப் பொறுத்து விடை மாறுகிறது என்று காட்டும் சோதனையைத்தான் இறுதியானது என்கிறார்கள். இந்த வகை மயோரானா சாதனம் எதிலும் அது இன்னும் செய்யப்படவில்லை. அதுவரை உங்கள் கட்டுரையில் அளவீட்டின் முழுப் பரப்பும், தோற்ற சாதனங்களின் எண்ணிக்கையும், மூலத் தரவும், அதைப் படமாக்கிய நிரலும் சேர்ந்தே இருக்கட்டும்.